250 மீட்டர் மலைப்பாதை, 28 குதிரைத்திறன் டிராக்டர்: பனி தள்ள எதை மாட்டுவது?

கேள்வி: டெல்லி மயூர் விஹாரில் வசிக்கிறோம். இமாச்சலில் நார்க்கண்டாவுக்கு மேலே, ஆப்பிள் தோட்டம் ஒன்றுக்குள் இருக்கும் ஏழு அறை விடுதியை நானும் என் கொழுந்தனும் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறோம். உயரம் சுமார் 2,700 மீட்டர். பெரிய சாலையிலிருந்து விடுதிக்கு 250 மீட்டர் ஜல்லிப் பாதை ஏறி வருகிறது. அகலம் 3 மீட்டர், பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம், நடுவில் ஒரு கொண்டை ஊசி வளைவு. விடுதி முன்னால் 15-க்கு 12 மீட்டரில் கான்கிரீட் முற்றம். தோட்டக்காரர் தன் 28 குதிரைத்திறன், நான்கு சக்கர இழுவை டிராக்டரைக் குளிர்காலத்துக்குத் தருகிறார். பின் டயர் 9.5-24, டயர்களின் வெளி அகலம் 1.3 மீட்டர், டயருக்குள் தண்ணீர் நிரப்பியிருக்கிறது. பனியைத் தூக்கி வீசும் ஸ்னோ புளோயர் வாங்கலாம் என்கிறார் கொழுந்தன். ஹரியானா பட்டறை ஒன்றில் முன்பக்க டோசர், அதாவது டிராக்டருக்கு முன்னால் மாட்டித் தள்ளும் தகடு, செய்து தருகிறோம் என்கிறார்கள். தோட்டக்காரரோ, பின்னால் மாட்டும் பிளேடே போதும் என்கிறார். குடியரசு தின விடுமுறைக்கு அறைகள் நிரம்பும். அந்த நேரத்தில் பாதை அடைபடக் கூடாது. எதை வாங்குவது? ஓட்டுநர் வராத நாளில் கொழுந்தனே ஓட்டலாமா?

பதில்: அம்மா, தோட்டக்காரர் சொன்னது சரி. 6 அடி பின்பக்க பிளேடு வாங்குங்கள். ஆனால் பிளேடுக்கு முன்பே நான்கு டயருக்கும் செயின் வாங்குங்கள். உங்கள் பாதையில் பனியின் ஆழத்தைவிடப் பெரிய சிக்கல் டயரின் பிடிமானம்தான். அது இல்லாவிட்டால் எந்தக் கருவி மாட்டினாலும் டிராக்டர் நின்ற இடத்திலேயே சுழலும், இல்லையென்றால் வளைவில் வழுக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டிராக்டரின் எடை 1,300 கிலோ என்று வையுங்கள். வெறும் ரப்பர் டயருக்கு ஐஸ் மேல் கிடைக்கும் பிடிமானம் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 130 கிலோ. பத்துக்கு ஒன்று ஏற்றத்தில் டிராக்டர் தன்னைத்தானே மேலே இழுத்துக்கொள்ளவே 130 கிலோ இழுவிசை வேண்டும். பனியைத் தள்ள மீதி ஒன்றும் இல்லை. செயின் மாட்டினால் பிடிமானம் எடையில் முப்பது சதவீதம் அளவுக்கு உயரும். 390 கிலோவில் ஏற்றத்துக்கு 130 போக 260 கிலோ மிஞ்சும். வேலை நடப்பது இந்த 260 கிலோவில்தான்.

இப்போது பனியின் எடை. 250 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், ஓரடி ஆழம் என்றால் 225 கன மீட்டர். புதிதாக விழுந்த உலர்ந்த பனி கன மீட்டருக்கு 100 கிலோ அளவில் இருக்கும். மொத்தம் இருபத்திரண்டரை டன். அதே பனி ஒரு நாள் வெயிலில் அமிழ்ந்து ஈரமேறினால் 300 கிலோவைத் தாண்டும். அப்போது 67 டன். குளிர்காலத்தில் மேற்கிலிருந்து மழையும் பனியும் கொண்டுவரும் மேற்கத்திய இடையூறு காற்றோடு நார்க்கண்டா உயரத்தில் விழும் பனி பெரும்பாலும் பூஜ்யம் டிகிரிக்கு அருகிலேயே விழுகிறது, அதனால் ஈரம் அதிகம். பிப்ரவரி, மார்ச்சில் இன்னும் அதிகம். பனி நின்ற பிறகு காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது உங்கள் பாதைக்கு ஒத்துவராது. 10 முதல் 15 சென்டிமீட்டர் சேர்ந்ததும் ஒரு முறை ஓட்டிவிட வேண்டும். இரவில் பனி தொடர்ந்தால் மறுபடியும். 28 குதிரைத்திறனுக்கு 15 சென்டிமீட்டர் எளிய வேலை, 45 சென்டிமீட்டர் ஈரப் பனி முடியாத வேலை.

புளோயர் ஏன் வேண்டாம் என்று கொழுந்தனுக்கு விளக்கமாகச் சொல்ல வேண்டும். எல்லைச் சாலை அமைப்பு கணவாய்களைத் திறக்கும்போது பனியைத் தூக்கி வீசும் பெரிய எந்திரங்களைப் பார்த்து வரும் ஆசை இது. அவை அந்த வேலைக்கென்றே செய்யப்பட்டவை, தனித்த பெரிய எஞ்சின் கொண்டவை. டிராக்டரில் மாட்டும் புளோயர், எஞ்சினின் சுழற்சியைக் கருவிக்குக் கொடுக்கும் பி.டி.ஓ. தண்டிலிருந்து சக்தி எடுக்கிறது. 28 குதிரைத்திறன் எஞ்சின் பி.டி.ஓ.வில் தருவது 24 அளவு. டர்போ இல்லாத டீசல் எஞ்சின் ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ மூன்று சதவீத சக்தியை இழக்கும். 2,700 மீட்டரில் உங்கள் கையில் இருப்பது 18 குதிரைத்திறன் அளவு. புளோயருக்கு ஓரடி அகலத்துக்கு 5 குதிரைத்திறன் என்பது பொதுவான அளவு. 5 அடி புளோயருக்கு 25 வேண்டும், கிடைக்காது. 4 அடிக்கே 20 வேண்டும், அதுவும் இழுபறி. தவிர 4 அடி என்பது 1.2 மீட்டர்தான். உங்கள் டயர்களின் வெளி அகலமே 1.3 மீட்டர், செயினோடு 1.4 ஆகிவிடும். அகற்றாத பனியின் மேல் டயர் ஏறிக்கொண்டே போகும்.

இன்னொன்று, பாதை ஜல்லி. புளோயரின் சுருள் ஜல்லியை உறிஞ்சி, பனியோடு சேர்த்துப் பல மீட்டர் தூரம் வீசும். ஜன்னல் கண்ணாடி, நிறுத்திய கார், ஆப்பிள் மரத்தின் மொட்டும் பட்டையும் எல்லாம் அந்த வீச்சுக்குள் இருக்கின்றன. ஈரப் பனியோ குழாயில் பசைபோல் ஒட்டி அடைக்கும். அடைப்பைக் கையால் எடுக்கப் போய் விரலை இழப்பதுதான் இந்தக் கருவியில் மிகச் சாதாரணமாக நடக்கும் விபத்து. எஞ்சினை நிறுத்திய பிறகும் விசிறியில் முறுக்கம் தங்கியிருக்கலாம், அடைப்பு விடுபட்டதும் அது சட்டென்று சுற்றும். டிராக்டரில் ஒற்றை கிளட்ச் இருந்தால் கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் பி.டி.ஓ.வும் நிற்கும்; பாதி வீசிய பனி குழாயில் உறைந்து உட்காரும். கிளட்சை மிதித்தாலும் நிற்காத சுதந்திர பி.டி.ஓ.வும் மிக மெதுவான ஊர்வு கியரும் உள்ள டிராக்டருக்கு, சமமான தார்ச் சாலையில், உலர்ந்த பனியில் புளோயர் அருமையான கருவி. உங்களுக்கு இந்த மூன்றில் எத்தனை இருக்கிறது என்று பாருங்கள்.

முன்பக்க டோசர் 45 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட கனமான டிராக்டருக்குப் பொருந்தும். டயர் ஏறி மிதிப்பதற்கு முன்பே பனியைத் தள்ளிவிடும், ஹைட்ராலிக் சிலிண்டரால் கீழ்நோக்கி அழுத்தமும் கிடைக்கும். அதெல்லாம் உண்மையான நன்மைகள். ஆனால் பட்டறைக்காரர்கள் செய்வது வயலில் மண் தள்ளுவதற்கான கனத்தில். நூற்றுக்கணக்கான கிலோ முன் அச்சுக்கும் முன்னால் தொங்கும்போது சிறிய நான்கு சக்கர டிராக்டரின் முன் அச்சும் ஸ்டியரிங்கும் அந்தச் சுமையைத் தாங்காது; பின் சக்கரம் லேசாகி, இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போகும். டிராக்டரின் பிரேக் பின் சக்கரங்களில் மட்டும்தான் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். டோசரின் இரும்புச் சட்டகத்தைக் கழற்றி மாட்டுவதும் அரை நாள் வேலை. தோட்டக்காரருக்கு மருந்தடிக்க டிராக்டர் வேண்டும்போது அது இடைஞ்சலாக நிற்கும்.

லோடர் பக்கெட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, யாராவது சொல்வார்கள். சிறிய பக்கெட் குவித்து அள்ளினால் 0.3 கன மீட்டர். 225 கன மீட்டருக்கு 750 தடவை அள்ள வேண்டும். பாதைக்கு உதவாது. முற்றத்தில் சேர்ந்த குவியலை அப்புறப்படுத்த, தகரக் கூரையிலிருந்து சரிந்து இறுகிய பனியை அள்ள, தோட்டத்தில் எருவும் ஆப்பிள் பெட்டியும் தூக்க நல்லது. இரண்டாம் ஆண்டில் பணம் இருந்தால் யோசியுங்கள். அப்போதும் பின்னால் 250 முதல் 300 கிலோ எதிர் எடை இல்லாமல் லோடரை மலையில் ஓட்டக் கூடாது.

இனி பிளேடு. கடையில் டெரேசர் பிளேடு என்று கேட்டால் தருவார்கள்; வயலைச் சமன் செய்ய விற்பதுதான். அகலம் ஏன் 6 அடி? பனி ஒரு பக்கமாக உருண்டு போக பிளேடை 30 டிகிரி சாய்த்து ஓட்ட வேண்டும். சாய்த்ததும் அகலம் 13 சதவீதம் குறையும். 5 அடி பிளேடு, அதாவது 1.52 மீட்டர், 1.32 ஆகிவிடும், செயின் மாட்டிய டயரின் 1.4 மீட்டரைக்கூட மூடாது. 6 அடி பிளேடு 1.83 மீட்டரிலிருந்து 1.58 ஆகும். டயரை மூடும், இரண்டு ஓட்டத்தில் உங்கள் 3 மீட்டர் பாதை முடியும், நடுவில் 16 சென்டிமீட்டர் மேற்பொருத்தமும் கிடைக்கும். 7 அடி வேண்டாம். கொண்டை ஊசி வளைவில் அதன் நுனி மலைச்சுவரை இடிக்கும்.

எடை 180 கிலோவுக்குக் குறையாமல் பாருங்கள். டிராக்டரின் ஹைட்ராலிக் லிஃப்ட் தூக்கத்தான் செய்யும், கீழே அழுத்தாது. பிளேடு தன் எடையால் மட்டுமே பனிக்குள் இறங்கும். 120 கிலோ பிளேடு மிதிபட்டு இறுகிய பனியின் மேல் வழுக்கிக்கொண்டே வரும், கீழே கண்ணாடி போன்ற தகடு மிஞ்சும். வளைந்த தகட்டின் உயரம் 45 சென்டிமீட்டர் இருக்கட்டும். 30, 35 உள்ளவை மண்ணுக்குப் போதும். பனி மேலே வழிந்து பின்னால் விழுந்துவிடும். கீழ் விளிம்பு போல்ட்டால் மாட்டிய தனிப் பட்டையாக இருக்க வேண்டும், தேய்ந்தால் திருப்பிப் போட்டு மறு ஓரத்தையும் பயன்படுத்தலாம். பிளேடு 180 டிகிரி சுற்றி எதிர்ப்பக்கம் பூட்டக்கூடியதா என்று கடையிலேயே சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். பின்னோக்கித் தள்ள அது அவசியம், விலை குறைந்தவற்றில் இந்த வசதி இருக்காது. டிராக்டரின் பின்னால் கருவியை மாட்டும் மும்முனை இணைப்பின் ஊசி அளவையும் பாருங்கள். உங்கள் டிராக்டருக்குப் பெரும்பாலும் முதல் வகை, கீழ் ஊசி 22 மில்லிமீட்டர், மேல் ஊசி 19. பெரிய டிராக்டருக்கான இரண்டாம் வகையில் கீழ் ஊசி 28. இதைப் பார்க்காமல் வண்டியில் ஏற்றி 400 கிலோமீட்டருக்கு மேல் கொண்டுபோய், அங்கே மாட்ட முடியாமல் நிற்பவர்கள் நிறைய.

டெரேசர் பிளேடில் இரண்டு குறைகள் உண்டு. பனிக்கென்றே செய்த பிளேடு கல்லில் இடித்தால் ஸ்பிரிங்கால் மடங்கிக் கொடுக்கும், இது கொடுக்காது. அதனால் மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும், மணிக்கு 5 முதல் 8 கிலோமீட்டர். இரண்டாவது, விளிம்பு தரையைத் தோண்டாமல் தாங்கும் சறுக்குக் கால் இருக்காது. பட்டறையில் சொல்லி இரு முனையிலும் ஏற்றி இறக்கக்கூடிய சறுக்குத் தட்டு வைக்கச் சொல்லுங்கள். தரை உறையாத டிசம்பரில் விளிம்பை 3 முதல் 4 சென்டிமீட்டர் உயர்த்தி ஓட்டுங்கள். இல்லாவிட்டால் பாதையின் ஜல்லி முழுவதும் வசந்த காலத்தில் மரத்தடியில் கிடக்கும். இதற்குச் சிக்கனமான வழி ஒன்றும் உண்டு: 50 மில்லிமீட்டர் இரும்புக் குழாயை நீளவாக்கில் கீறி, விளிம்பில் செருகி போல்ட் போடுவது. உருண்டையான குழாய் ஜல்லியைத் தோண்டாமல் மேலேயே சறுக்கும். தரை இறுகி உறைந்ததும் குழாயைக் கழற்றிவிடலாம். கான்கிரீட் முற்றத்தில் தட்டை மேலே ஏற்றி விளிம்பே சுரண்டட்டும்.

ஈரப் பனி தகட்டில் ஒட்டிக்கொண்டு வண்டியோடு வந்தால், தகட்டின் பெயின்ட் போய்த் துரு ஏறியிருக்கிறது என்று பொருள். துருவைத் தேய்த்து, வழவழப்பான எனாமல் அடித்து, மேலே மெழுகு பூசுங்கள். பழைய எஞ்சின் ஆயில் பூசும் வழக்கம் வேண்டாம், அது மரத்தின் வேருக்குத்தான் போய்ச் சேரும்.

செயினுக்கு வருவோம். ஏணி வடிவச் செயினைத் தவிருங்கள். விவசாய டயரின் கட்டைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் அதன் குறுக்குச் சங்கிலி இறங்கி ஒளிந்துகொள்ளும், தரையில் படாது. வலைபோல் வைர வடிவில் பின்னியதைக் கேளுங்கள். 8 மில்லிமீட்டர் கண்ணி போதும். காஷ்மீரி கேட் உதிரிபாகச் சந்தையில் விசாரிக்கும்போது முன், பின் டயர் அளவுகளை எழுதிக் கொடுங்கள், லாரிச் செயினை வெட்டித் தருகிறேன் என்றால் சம்மதிக்காதீர்கள். பின் டயருக்கும் மட்கார்டுக்கும், கீழ் இணைப்புக் கைக்கும் இடையே 5 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். முன் டயரில் மாட்டியபின் ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்பி எங்கும் உரசவில்லை என்று பார்க்க வேண்டும். மாட்டி நூறு மீட்டர் ஓட்டி நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும். முதல் இறுக்கம் எப்போதும் தளரும். பின் டயருக்கு மட்டும் செயின் போதாதா என்றால், ஏறுவதற்குப் போதும், இறங்குவதற்குப் போதாது. நான்கு சக்கர இழுவையைப் போட்டு இறங்கும்போது முன் சக்கரங்களும் சேர்ந்து வண்டியைப் பிடிக்கும், ஸ்டியரிங்கும் அப்போதுதான் சொன்னபடி கேட்கும்.

டயரில் தண்ணீர் என்று எழுதியிருக்கிறீர்கள். சமவெளியில் எல்லோரும் செய்வது, நார்க்கண்டாவில் ஆபத்து. உறைந்தால் டியூப் கிழியும்; பாதி உறைந்து கட்டியாகக் கிடந்தால் சக்கரம் தடதடவென்று குதிக்கும். நவம்பருக்குள் வடித்துவிட்டு வார்ப்பிரும்பு சக்கர எடை மாட்டுங்கள், அதுதான் தொல்லையில்லாத வழி. திரவமே வேண்டுமென்றால் கால்சியம் குளோரைடு கரைசல், லிட்டருக்கு 400 கிராம். மைனஸ் 20-லும் உறையாது. டயரில் முக்கால் பாகம் நிரப்பினால் போதும். தண்ணீரில் உப்பைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும், உப்பின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது, கொதித்துத் தெறிக்கும். டியூபில் சிறு கசிவு இருந்தாலும் ரிம்மை அரித்துவிடும் என்பதால் நான் இதை இரண்டாம் இடத்தில்தான் வைப்பேன். பின்னால் 180 கிலோ பிளேடு தொங்கும்போது ஏற்றத்தில் முன் சக்கரம் லேசாகும். முன்னால் 80 முதல் 100 கிலோ எடை சேருங்கள், பிளேடைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு மேல் தூக்காமல் ஏறுங்கள்.

ஓட்டும் முறையில் முதல் விதி, டிராக்டர் இரவு தங்குவது மேலே விடுதியில். சாலையோரம் நிறுத்தினால் காலையில் பனியில் ஏறியே தொடங்க வேண்டும். கணக்கில் பார்த்த ஏற்றச் சுமையோடு அது கடினமான காரியம். மேலிருந்து பனியைத் தள்ளிக்கொண்டு இறங்குங்கள், கீழே பிளேடைத் தூக்கி, வெட்டிய தடத்திலேயே ஏறி வாருங்கள். இறக்கத்தில் புவியீர்ப்பு உதவும், பிளேடே நங்கூரம் மாதிரி பின்னால் இழுத்து வேகத்தைக் கட்டுப்படுத்தும். கியர் தாழ்ந்த நிலையில் இருக்க வேண்டும், கிளட்சை மிதித்து உருள விடவே கூடாது.

பனியைப் பள்ளத்தாக்குப் பக்கம் ஒதுக்குங்கள். காரணம் இரண்டு. சாய்ந்த பிளேடு பனியை ஒரு பக்கம் தள்ளும்போது டிராக்டரின் பின்பாகத்தை எதிர்ப்பக்கம் தள்ளும். பள்ளத்துக்கு ஒதுக்கினால் வண்டி மலையை நோக்கிச் சாயும், அது பாதுகாப்பு. அடுத்தது வடிகால். மலைச்சுவரை ஒட்டிய வடிகாலைப் பனியால் மூடினால் பகலில் உருகும் தண்ணீர் பாதையின் குறுக்கே ஓடும், இரவில் ஐஸாகும், மறுநாள் கார் வழுக்குவது அந்த இடத்தில்தான். பலரும் பனியைக் குறை சொல்வார்கள். உண்மையில் அடைத்த வடிகால் செய்த வேலை அது. பள்ளத்து விளிம்புக்கு அரை மீட்டருக்கு மேல் நெருங்க வேண்டாம், அங்கே மண் இளகியிருக்கும்.

முதல் பனியிலேயே பாதையின் முழு அகலத்துக்கும் தள்ளிவிடுங்கள். நடுவில் ஒரு கார் போகும் அளவு போதும் என்று விட்டால் இரு பக்கக் கரையும் இறுகி உறையும். அடுத்த பனிக்கு ஒதுக்க இடம் இருக்காது, பாதை வாராவாரம் குறுகும். கொண்டை ஊசி வளைவில் பிளேடை நேராக்கி, 180 டிகிரி திருப்பி, பின்னோக்கி நகர்ந்து வெளி வளைவுக்குத் தள்ள வேண்டும். பெரிய சாலையைச் சுத்தம் செய்யும் எந்திரம் உங்கள் பாதை வாயில் விட்டுப்போகும் மேட்டுக்கும் இதே முறை. அது இறுகிய பனி, ஒரே மூச்சில் முட்டாமல் கால் பிளேடு அகலமாகச் செதுக்கி எடுங்கள். பின்னோக்கித் தள்ளும்போது கீழ் இணைப்புக் கைகளின் பக்கச் சங்கிலி இறுக்கமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கை வளையும். உங்கள் பனியைப் பெரிய சாலையில் கொட்டாதீர்கள். முற்றத்தில் சுவரோரப் பனிக்குப் பின் பிளேடு மிக வசதி: சுவர்வரை பின்னால் போய், பிளேடை இறக்கி, வெளியே இழுத்து வரலாம்.

இவ்வளவும் நடக்க, பனி விழுவதற்கு முன் பாதையின் இரு ஓரமும் பத்து மீட்டருக்கு ஒன்றாக ஐந்தடி மூங்கில் நட்டு, நுனியில் சிவப்புத் துணி கட்டுங்கள். வளைவில் ஐந்து மீட்டருக்கு ஒன்று. மதகின் தலைச்சுவர், தண்ணீர்க் குழாய், நீட்டிய பாறை ஒவ்வொன்றுக்கும் தனிக் கழி. பனி மூடியபின் எது பாதை, எது வடிகால் என்று அங்கேயே பிறந்தவருக்கும் தெரியாது.

வழுக்கலுக்கு உப்பு போடலாமா என்ற கேள்வி அடுத்து வரும். வேண்டாம். சாப்பாட்டு உப்பு மைனஸ் 9-க்குக் கீழே பெரிதாக வேலை செய்வதில்லை, அதோடு குளோரைடு ஆப்பிள் வேருக்கு ஆகாது; உருகும் தண்ணீர் நேரே அடுத்த படிக்கட்டு நிலத்துக்குத்தான் இறங்கும். கூர்மையான பருமணல் தூவுங்கள். இரண்டு சக்கரத் தடத்துக்கும் சேர்த்து 300 சதுர மீட்டர், சதுர மீட்டருக்கு 300 கிராம், ஒரு தடவைக்கு 90 கிலோ. ஒன்றரை டன் வாங்கித் தார்ப்பாய் மூடிக் காய்ந்தபடி வையுங்கள். நனைந்த மணல் உறைந்தால் கடப்பாறைதான் வேண்டும்.

எஞ்சினைப் பற்றிச் சுருக்கமாக. ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இருந்தால் வடித்து, கூலன்ட்டும் தண்ணீரும் சரிபாதி ஊற்றுங்கள். மைனஸ் 35 வரை கவலையில்லை. கோடைத் தர டீசல் 18 டிகிரி வரையிலும், குளிர்காலத் தரம் 6 டிகிரி வரையிலும் வடிகட்டியை அடைக்காமல் ஓடினால் போதும் என்பதுதான் நாட்டின் பொது விதி. செப்டம்பரில் நிரப்பிய டாங்க் ஜனவரியில் மெழுகு கட்டி வடிகட்டியை அடைக்கும். இந்தியன் ஆயில் 2019-இல் லடாக்குக்காக மைனஸ் 33 டிகிரி வரை இளகிய நிலையில் இருக்கும் டீசலைக் கொண்டுவந்ததும் இந்தத் தொல்லையால்தான். பழைய டீசலைத் தீர்த்துவிட்டு டிசம்பரில் மலையிலேயே புதிதாக நிரப்புங்கள், ஒரு வடிகட்டி கையிருப்பில் இருக்கட்டும், டிராக்டரை மூடிய கொட்டகையில் நிறுத்துங்கள். காலையில் பத்து நிமிடம் ஓடவிட்டு, லிஃப்டை வெறுமனே இரண்டு மூன்று முறை ஏற்றி இறக்கியபின் வேலையைத் தொடங்குங்கள். குளிரில் கெட்டியான எண்ணெயில் அவசரப்பட்டால் பம்ப் தேயும்.

45 சென்டிமீட்டருக்கு மேல் ஈரப் பனி விழுந்த நாளில் டிராக்டரை வெளியே எடுக்காதீர்கள். அது ஜேசிபியின் வேலை. பனி விழுந்த அன்று எல்லோரும் ஒரே வண்டியைத்தான் கூப்பிடுவார்கள், ஆகையால் அக்டோபரிலேயே உள்ளூர் உரிமையாளர் ஒருவரிடம் மணிக்கு இவ்வளவு என்று பேசி எழுதி வையுங்கள். குடியரசு தின வாரத்துக்கு முன்பணமும் கொடுத்துவிடலாம். வடிகால் எந்தப் பக்கம், மதகு எங்கே என்று அந்த ஓட்டுநருக்கும் ஒரு முறை நடந்து காட்ட வேண்டும்.

கொழுந்தன் ஓட்டலாம், நவம்பரில் பனி இல்லாத அதே பாதையில் பழகிய பிறகு. செயினும் எடையும் பிளேடும் மாட்டி, மேலிருந்து கீழே, வளைவில் பின்னோக்கி, முற்றத்தில் சுவரோரம் என்று எல்லாவற்றையும் காய்ந்த தரையில் பிளேடை ஒரு சாண் உயர்த்திப் பத்துப் பதினைந்து முறை செய்யட்டும். வண்டி கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டகம் டிராக்டரில் இருந்தால் சீட் பெல்ட் கட்டாயம். மட்கார்டு மேல் இன்னொருவர் உட்கார்ந்து வரும் வழக்கம் இங்கே வேண்டவே வேண்டாம். சரிவின் குறுக்கே ஓட்டக் கூடாது, நேராக ஏறி நேராக இறங்க வேண்டும். விருந்தினர் குழந்தைகள் பனியைப் பார்த்ததும் வெளியே ஓடி வருவார்கள். டிராக்டர் ஓடும் நேரத்தில் முற்றத்துக் கதவைப் பூட்டி, ஒருவரை அங்கே நிறுத்துங்கள். அவரும் வண்டிக்குப் பின்னால் நிற்காமல் ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நிற்கட்டும்.